நல்ல தண்ணீர் என்று சொன்ன காலை

ஜனவரி 11

கட்டெறும்புக்கு,

அண்ணி எழுதுகிறேன். கவர் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டிருக்க மாட்டாய் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். போன் செய்யலாம்தான். செய்தால் நீ எடுக்க மாட்டாய். எடுத்தாலும் மூன்றாவது வாக்கியத்தில் இரண்டு பேரும் கத்த ஆரம்பித்துவிடுவோம். காகிதம் என்றால் அந்த மூன்றாவது வாக்கியத்தை அடித்துவிட்டு வேறு எழுதலாம். இப்போதே இரண்டு இடத்தில் அடித்திருக்கிறேன், பார்.

சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. லாட்ஜ் நம் கையை விட்டுப் போகப் பார்க்கிறது. சலவைக்கு வரும் துணியில் பாதிக்கு மேல் அவர்களுடையது என்று உனக்குத் தெரியும். நேற்று மேனேஜர் ஒரு படுக்கை விரிப்பைக் கையோடு கொண்டுவந்து மேஜையில் போட்டார்.

"என்னம்மா இது, படுத்தா காகிதத்துல படுத்த மாதிரி சரசரங்குதுன்னு ரூமுக்கு வர்றவங்க சொல்றாங்க. வெள்ளையா அனுப்புறேன், சாம்பலாத் திரும்பி வருது."

மார்ச் கடைசி வரை பொறுப்பாராம். அதற்குள் சரியாகவில்லை என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வாராம். லாட்ஜ் போனால் மீதித் துணியை வைத்துக்கொண்டு ஆறு மாதம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

சோப்புத் தூள் ஒரே வருஷத்தில் இரண்டு தடவை ஏறிவிட்டது. லாரித் தண்ணீர் நீ இருந்தபோது கொடுத்ததைப்போல இரண்டு மடங்கு. புதிதாக வாங்கிய வாஷிங் மெஷின் மூன்று வருஷம் முடிவதற்குள் அடித்தட்டு பிய்ந்து விழுந்தது. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "கடல்காத்துக்கு இரும்பும் பிஸ்கட்டும் ஒண்ணுதாம்மா" என்று சொல்லிவிட்டு, அதைச் சொன்னதற்கும் சேர்த்துக் கூலி வாங்கிக்கொண்டு போனான்.

உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. நீ அலசும் இரண்டாவது தொட்டியில் கடைசியாக ஏதோ போடுவாயே, அது என்ன? உன் கையில் போன விரிப்பு ஒருநாளும் சரசரத்ததில்லை. பெயரை எழுதினால் போதும். வாங்கிக்கொள்கிறேன்.

அண்ணி


ஜனவரி 20

அண்ணிக்கு,

கிழிக்கவில்லை. மூன்று நாள் அலமாரியில் வைத்திருந்துவிட்டுப் பிரித்தேன்.

இரண்டாவது தொட்டியில் நான் எதுவும் போட்டதில்லை. வெறும் நல்ல தண்ணீர். பத்தொன்பது வருஷம் பக்கத்துத் தொட்டியில் நின்றவர் இதைக் கேட்கிறீர்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் மகளிடம் காட்டினேன். அவள், "அத்தை பேச்சைத் தொடங்க ஒரு சாக்குத் தேடியிருக்காங்கம்மா" என்றாள். அப்படி என்றால் சந்தோஷம். அப்படி இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நான் இங்கே ஒரு மாணவர் விடுதியில் துணி அறையைப் பார்த்துக்கொள்கிறேன். கடலிலிருந்து எட்டு மணி நேர பஸ் தூரம். கொடியில் போட்ட துணி ஒரு மணி நேரத்தில் மரக்கட்டைபோல் காய்ந்துவிடுகிறது. மதியம் காற்று திரும்பியதும் இரண்டு பேரும் மாடிக்கு ஓடுவோமே, ஈரக்காற்று ஏறுவதற்குள் அத்தனை விரிப்பையும் உருவிக்கொண்டு இறங்க வேண்டும் என்று, அந்த ஓட்டம் இங்கே யாருக்கும் தேவையில்லை. முதல் மாதம் இரண்டு மணி அடித்ததும் என் கால்கள் தாமாகவே எழுந்து நின்றன. கூட இருந்த பெண் "பாத்ரூமா அக்கா?" என்று கேட்டாள்.

நாம் ஆரம்பித்தபோது மொத்தம் ஏழு விரிப்பு. ஏழையும் இரண்டு தடவை எண்ணுவோம், கூடிவிடும் என்பதுபோல. அப்போது உயிரோடு இருந்த அண்ணன் கொடிக்குக் கப்பி மாட்டிக் கொடுத்துவிட்டு, "ஏழு விரிப்புக்கு ரெண்டு முதலாளி" என்று கேலி செய்வார். அந்த இரண்டு முதலாளிகளில் ஒருத்தியைத்தான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில், நாலு பேர் வேலை செய்கிற இடத்தில், "இவ நாக்குக்கு உப்பு எது சீனி எதுன்னு தெரியாது, என் காசைக் கரைக்கத்தான் லாரி கேக்குறா" என்று சொன்னீர்கள். நான் சொன்னது தண்ணீர் உவர்ப்பாக இருக்கிறது என்பதை மட்டும். இதை எழுதாமல் மேலே எழுத முடியவில்லை, அதனால் எழுதிவிட்டேன்.

நீங்கள் கேட்டதற்கு உதவ வேண்டும் என்றால் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். தொட்டியில் நுரை எவ்வளவு நேரம் நிற்கிறது?

உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 2

கட்டெறும்புக்கு,

கடிப்பாய் என்று தெரிந்துதான் எழுதினேன். அந்தப் பெயரை உனக்குச் சும்மாவா வைத்தார் உன் அண்ணன். அன்றைக்குப் பேசியது பேசியதுதான். அதைப் பிறகு பார்ப்போம்.

நுரை பத்து எண்ணுவதற்குள் அமர்ந்துவிடுகிறது. மூன்று கம்பெனி சோப்பு மாற்றியாகிவிட்டது, எல்லாம் ஒன்றுதான். எல்லோரும் கலப்படம் செய்கிறார்கள். தோய்க்கிற அக்கா தங்கை இரண்டு பேரையும் கண்டித்தேன், இன்னும் ஒரு கை அதிகமாகப் போடுகிறார்கள். தூள்தான் தீர்கிறது.

தண்ணீரைப் பற்றி நீ நினைக்காதே. தினமும் காலையில் முதல் வாளியை நானேதான் இறைத்து வாயில் விட்டுப் பார்க்கிறேன். நல்ல தண்ணீர். நீ போன பிறகு லாரி கூப்பிட்டதே நாலைந்து தடவைதான். பக்கத்தில் புதிதாக ஒரு ஓட்டல் வந்து ஆழமாகப் போர் போட்டிருக்கிறது, அதற்கு நம் கிணறு அசைந்து கொடுக்கவில்லை.

இங்கே ஆட்கள் முன்னைப்போல் இல்லை. இஸ்திரிக்காரருக்கு மதியச் சாப்பாடு நான்தானே போட்டுக்கொண்டிருந்தேன். ஐந்தாறு மாதமாக வீட்டிலிருந்து டப்பா கொண்டுவருகிறார். கேட்டால், "வீட்டுக்காரி ஆசைப்பட்டுக் கட்டுறாம்மா" என்கிறார். முப்பது வருஷம் ஆசைப்படாதவள் இப்போது ஆசைப்படுகிறாளாம். அந்த அக்கா தங்கையும் அவித்த முட்டை வைத்தால் தொட்டுப் பார்த்துவிட்டு வயிறு சரியில்லை என்கிறார்கள். கை நீட்டிச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு என் வீட்டுச் சாப்பாடு கசக்கிறது.

நேற்று பழைய பெட்டியில் தேடியபோது அந்தக் கப்பல் கேப்டன் கொடுத்துவிட்டுப் போன பித்தளைப் பொத்தான் கிடைத்தது. அவருடைய வெள்ளை யூனிபாரத்தை உவர்த் தண்ணீரில் தோய்த்துவிட்டோம், காய்ந்ததும் அது விறைத்துத் தானாகவே நின்றதே. நீ அதைச் சுவரோரம் நிற்கவைத்து, "சார் வந்துட்டாரு, டீ கொடுங்க அண்ணி" என்றாய். சிரித்துச் சிரித்து எனக்கு விலா பிடித்துக்கொண்டது. நிஜமான சார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது அதற்கப்புறம்தான் தெரிந்தது. அன்றிலிருந்துதான் காலையில் தண்ணீரை வாயில் விட்டுப் பார்க்காமல் ஒரு துணியும் நனைப்பதில்லை என்று வைத்துக்கொண்டோம். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒருநாள் தவறவில்லை.

சோப்பில்தான் கோளாறு. உன் விடுதியில் என்ன தூள் வாங்குகிறார்கள்?

அண்ணி


பிப்ரவரி 10

அண்ணிக்கு,

விடுதியில் வாங்குவது இருப்பதிலேயே மலிவான தூள். நுரை தொட்டி விளிம்பைத் தாண்டி வழிகிறது. கோளாறு தூளில் இல்லை.

இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதிவிட்டேன். கோபப்படுவீர்கள். பட்டுவிட்டுப் படியுங்கள்.

நுரை நிற்கவில்லை, விரிப்பு விறைக்கிறது, சாம்பல் பூக்கிறது. கேப்டனின் யூனிபாரத்துக்கு வந்த வியாதிதான் இது. அதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், எழுதிவிட்டுச் சோப்பைத் திட்டுகிறீர்கள். பக்கத்தில் ஆழ்போர் போட்டு இறைத்தால் கடலோரக் கிணற்றில் உப்பு ஏறும். இது உங்களுக்குத் தெரியாததா?

அப்புறம் இஸ்திரிக்காரர். ஒருவர் டப்பா கட்டிக்கொண்டு வந்தால் வீட்டுக்காரியின் ஆசை என்று விட்டுவிடலாம். மூன்று பேரும் உங்கள் சாப்பாட்டைத் தொடவில்லை என்றால்? உங்கள் கைச்சமையலுக்காகத் தெருவே எட்டிப் பார்க்கும்.

நான் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னால் உங்களுக்கு ஒரு காய்ச்சல் வந்ததே, பதினோரு நாள் படுத்திருந்தீர்கள். எழுந்த பிறகு ஒருநாள் டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் தம்ளரைக் கொடுத்தீர்கள். அதில் நான் சர்க்கரை போட மறந்திருந்தேன் என்பது பாத்திரத்தில் இருந்த மீதியை நான் குடித்தபோதுதான் தெரிந்தது. அப்போது தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது.

ஒரே ஒரு காலை, அந்த முதல் வாளியை வேறு யாரையாவது வாயில் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அவ்வளவுதான்.

உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 15

உனக்கு,

எட்டு மணி நேரத் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு என் வாய்க்கு வைத்தியம் பார்க்க வேண்டாம். சோப்பின் பெயரைக் கேட்டேன், ஜாதகம் கேட்கவில்லை. இனி எழுதினால் கடை விஷயம் மட்டும் எழுது. எழுதாவிட்டாலும் சரி.


மார்ச் 6

கட்டெறும்புக்கு,

நீ எழுதவில்லை. நியாயம்தான். நானும் பத்து நாள் வீம்பாக இருந்தேன். அப்புறம் ஒரு காலையில் இஸ்திரிக்காரரைக் கூப்பிட்டு, இரண்டு தம்ளரில் லாரித் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் நான் பார்க்காதபோது ஊற்றி வைக்கச் சொன்னேன். "எதுக்கும்மா?" என்றார். "கேள்வி கேக்காம ஊத்துய்யா" என்றேன். இரண்டையும் குடித்தேன். எது எதென்று தெரியவில்லை. திரும்பக் குடித்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் பெட்டிக்குக் கரி போடுகிற மாதிரி திரும்பி நின்றுகொண்டார்.

இதை எழுதியதும் நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். நிறுத்தினால் பாதிப் பொய்யாகிவிடும். சலவையில் குறை இருந்தால் வாடிக்கைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறவள் நான், அப்படித்தான் இந்தத் தொழிலில் காலூன்றினேன். உன்னிடம் மட்டும் சொல்லாமல் விட்டேன்.

எனக்குத் தெரியும். காய்ச்சலிலிருந்து எழுந்த முதல் வாரமே தெரியும். சாப்பிட்டால் பஞ்சை மெல்வதுபோல் இருந்தது. ஏதாவது உறைக்கட்டும் என்றுதான் உப்பை அள்ளிப் போட்டேன். டாக்டரிடம் போனதும் உண்டு. வந்தாலும் வரும், வராமலும் போகும் என்றார். கொடுத்த காசுக்கு ஒரே பக்கமாகவாவது சொல்லியிருக்கலாம்.

அந்தக் காலையில் நீ உவர்ப்பு என்றாய். நானும் ஒரு வாய் விட்டுப் பார்த்தேன். வாயில் ஒன்றுமே தெரியவில்லை. உப்பும் தெரியவில்லை. உப்புத் தெரியாத தண்ணீர் நல்ல தண்ணீர்தானே, அப்படித்தான் இருபது வருஷமாகப் பார்த்தோம், அதனால் நல்ல தண்ணீர் என்று சொல்லிவிட்டேன். நீ மறுபடியும் இல்லை என்றாய். அந்த நேரத்தில் நான் விட்டுக்கொடுத்திருந்தால், ஏன் தெரியவில்லை என்று நீ கேட்டிருப்பாய். கடையில் தினமும் எது நல்லது எது கெட்டது என்று சொல்கிற வேலை என்னுடையது. அது போய்விட்டது என்று தெரிந்தால் நான் யார்? தொட்டியும் கொடியும் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அதனால்தான் உன் வாய்மேல் பழியைப் போட்டேன். அந்த அடி மட்டும் குறி தப்பாமல் பட்டது, நீ போய்விட்டாய்.

மன்னித்துக்கொள் என்று எழுத வேண்டிய இடம் இது. எழுதிவிட்டேன்.

அண்ணி


மார்ச் 13

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று விடுதியில் நாற்பது தலையணை உறையைத் தப்பான அறைகளுக்கு அனுப்பிவிட்டேன்.

எனக்குக் கோபம் போகவில்லை. நீங்கள் தெரியாமல் திட்டியிருந்தால் எப்போதோ போயிருக்கும். தெரிந்து திட்டியிருக்கிறீர்கள். இந்த இரண்டு வருஷத்தில் நான் ஒவ்வொரு நாளும் குழாய்த் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்து, எனக்குத்தான் ஏதோ கோளாறோ என்று யோசித்திருக்கிறேன். சோற்றுக்கு உப்பு சரியா என்று மகளைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துவிட்டது.

இப்படிக் கோபமாக இருக்கும்போதே, நீங்கள் தனியாக உட்கார்ந்து பஞ்சை மெல்வதுபோல் சாப்பிடுவதும் கண்ணில் வருகிறது. இரண்டும் சேர்ந்து வருவதுதான் தொல்லை. ராத்திரிச் சோற்றைத் திறந்த மாடியில் ஈரத்துணிக்கு நடுவே உட்கார்ந்து இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்ட நாட்கள் எத்தனை. தட்டு இரண்டு இருந்தது. கழுவச் சோம்பல்.

கடை விஷயம் சொல்கிறேன். தண்ணீரில் உப்புப் பார்க்க மீட்டர் இருக்கிறது, பேனா அளவுதான். எங்கள் விடுதியில் ஒன்று வைத்திருக்கிறார்கள். தம்ளரில் முக்கினால் எண் காட்டும். இரண்டு டப்பா சோப்புத் தூள் விலை. உடனே வாங்குங்கள். லாட்ஜ் விரிப்பு அத்தனையையும் லாரித் தண்ணீரில் மூன்று அலசு அலசுங்கள். மேனேஜரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள், அவர் கண்டுபிடிப்பதற்கு முன்னால்.

மன்னிப்பைப் பற்றி. என்னைச் சொன்னது ஆட்கள் முன்னால். காகிதத்தில் எழுதி எனக்கு மட்டும் அனுப்பினால் பாதிக் கடன்தான் அடைந்ததாகும். மீதியைக் கேட்பது தப்பா என்று யோசித்தேன். தப்பில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 27

கட்டெறும்புக்கு,

முதலில் லாட்ஜ். மீட்டர் வாங்கினேன். கிணற்றில் முக்கியதும் அது காட்டிய எண்ணைப் பார்த்து, கடைக்காரர் பழுதான சாமானைத் தலையில் கட்டிவிட்டார் என்று திரும்பக் கொண்டுபோனேன். அவர் குடிதண்ணீரில் முக்கிக் காட்டி என் மூக்கை உடைத்து அனுப்பினார். இருநூற்று இருபது விரிப்பையும் லாரித் தண்ணீரில் மறுபடி அலசிக் கொண்டுபோய் மேனேஜர் மேஜையில் வைத்தேன். அவர் கன்னத்தில் ஒன்றை ஒற்றிப் பார்த்தார்.

"இது முன்னாடி மாதிரி இருக்கே. என்ன பண்ணுனீங்க?"

"இத்தனை நாள் உப்புத் தண்ணியில தோய்ச்சேன் சார். தப்பு என்னுது. இனிமே லாரித் தண்ணிதான். அதனால உருப்படிக்கு நாலு ரூபா கூட."

மன்னிப்புக் கேட்டுக்கொண்டே விலை ஏற்றுகிற ஆளை அவர் பார்த்ததில்லையாம். விரிப்பு, உறை, துவாலை எல்லாவற்றுக்கும் மூன்று கூட என்று முடிந்தது. ஒரு லாரிக்கு நானூறு உருப்படி என்று கணக்குப் போட்டேன், கட்டுப்படியாகும். ஒப்பந்தத்தை எழுதியும் கொடுத்துவிட்டார். ஏப்ரல் பதினைந்தில் கையெழுத்து. லாட்ஜ் எங்கேயும் போகவில்லை.

இரண்டாவது. நேற்றுக் காலை வேலை தொடங்குவதற்கு முன்னால் மூன்று பேரையும் தொட்டியடியில் கூப்பிட்டேன். உன்னைச் சொன்ன அதே இடம். "அன்னைக்கு அவ சொன்னதுதான் சரி. எனக்கு ருசி போயிடுச்சு, அதை மறைக்க அவளைத் திட்டுனேன்" என்றேன். ஒரே மூச்சில் சொன்னேன், நடுவில் நின்றால் முடித்திருக்க மாட்டேன்.

யாரும் ஆச்சரியப்படவில்லை. இஸ்திரிக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "தெரியும்மா. ரெண்டு வருஷமாத் தெரியும்."

"தெரிஞ்சும் ஏய்யா சொல்லல?"

"உங்ககிட்ட யாரு சொல்றது?"

அந்தத் தங்கை களுக்கென்று சிரித்துவிட்டாள். அக்கா அவளைக் கிள்ளினாள். அப்புறம் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும்தான் எனக்கு உறைத்தது. யோசித்துப் பார். உப்புத் தண்ணீர் என்று தெரிந்துகொண்டே மூன்று பேர் இரண்டு வருஷம் தோய்த்திருக்கிறார்கள், உப்புக் கரிக்கும் சோற்றைச் சத்தமில்லாமல் ஓரம் தள்ளியிருக்கிறார்கள், கடை முங்குகிற வரைக்கும் "சரிம்மா" என்று சொல்லியிருப்பார்கள். பயந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. நான் அப்படி வைத்திருந்திருக்கிறேன்.

மூன்றாவது. இதைத்தான் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. தண்ணீர் பார்க்க மீட்டர் வந்துவிட்டது. சமையலுக்குக் கரண்டி அளவு எழுதி ஒட்டிவிட்டேன். அலச இன்னொரு ஆள் போடலாம், கிடைப்பார்கள். ஆக, உன்னைக் கூப்பிட எனக்குக் கடைக் காரணம் எதுவும் இல்லை. எல்லாக் காரணமும் தீர்ந்த பிறகும் கூப்பிடத் தோன்றுகிறது. என் முகத்துக்கு நேரே 'இல்லை' என்று சொல்ல இந்த வீட்டில் ஆள் இல்லை.

மாடி அறையைக் காலி செய்து வெள்ளை அடித்திருக்கிறேன். வந்தால் சரிபாதிப் பங்காளியாக வா. வக்கீலிடம் எழுதச் சொல்லிவிட்டேன். வராவிட்டாலும் அந்தக் காகிதம் அப்படியே இருக்கும்.

அண்ணி


ஏப்ரல் 3

அண்ணிக்கு,

லாட்ஜுக்குச் சொன்ன விலை தப்பு. ஒரு லாரித் தண்ணீரில் நானூறு உருப்படி அலசவே முடியாது. விரிப்பு மட்டும் என்றால் முந்நூறு வரும். துவாலை இரண்டு பங்கு தண்ணீர் குடிக்கும், அதற்கும் அதே மூன்றைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறீர்கள். துவாலைக்கு ஐந்து ரூபாயாவது வேண்டும், இல்லாவிட்டால் ஆறே மாதத்தில் கையைக் கடிக்கும். நான் வருகிற வரைக்கும் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

விடுதியில் சொல்லிவிட்டேன். பன்னிரண்டாம் தேதி காலை ஆறு மணி பஸ்ஸில் வந்து இறங்குகிறேன். மேனேஜரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

கட்டெறும்பு